செவந்தி இருக்கிற இடம்

அக்கா, கொஞ்சம் திரும்பிப் பாத்துச் சொல்லுதீங்களா, பின்னாடி ஒரு கறுப்பு பைக் வருதான்னு? நான் பாத்தா அவனுகளுக்குத் தெரிஞ்சுபோகும். நீங்க சும்மா வேடிக்கை பாக்குற மாதிரி பாருங்க. ரெண்டு பேரு உக்காந்திருப்பானுக. வரலையா? நல்லாப் பாத்தீங்களா? அப்பாடி. பஸ் ஸ்டாண்டுல நான் ஏறையில கரும்புச்சாறு கடைப் பக்கம் நின்னானுக. என்னையத்தான் பாத்தானுகளா, இல்ல சாறு குடிக்க நின்னானுகளா, ஒண்ணும் புரியலை. இப்பல்லாம் எவன் பைக்கை நிறுத்துனாலும் அவனுகதான்னு தோணுது.

ஒரு உதவி பண்ணுங்கக்கா. ஜன்னல் பக்கம் நீங்க உக்காந்துக்கிடுங்க, நான் இந்தப் பக்கம் வந்துக்கிடுதேன். காத்தும் நல்லா வரும் ஒங்களுக்கு. ஆங், போதும். பையை மடியிலயே வச்சுக்கிடுதேன்.

தப்பா நினைக்காதீங்க. நான் கிறுக்கச்சி இல்ல. பேரு வள்ளிமயில். டவுன்ல ஒரு மையம் இருக்கு, சனங்களுக்கு உதவி பண்ற மையம், அதுல வேலை பாக்கேன். ரெம்ப நாளா பாக்கேன். நீங்க எதுவரைக்கும்? கடைசி ஸ்டாப்பா? நல்லதாப்போச்சு, பேச்சுத்துணைக்கு ஆளாச்சு. பேசாம இருந்தா எனக்குப் பயம் கூடுதுக்கா. பேசிக்கிட்டே வந்தா கொஞ்சம் தேவலை.

எங்க வேலை என்னன்னா, சனங்களுக்காக நாங்க போய்ப் பேசுறது இல்ல. தாவீது சார்தான் மையத்துக்குப் பெரியவரு, அவரு அதை அடிச்சு அடிச்சுச் சொல்லுவாரு. சனங்களையே பேச வைக்கணும். ரேசன் கடையில அரிசி போடலையா, சுடுகாட்டுக்குப் பாதை இல்லையா, அவங்க வாயாலயே அதிகாரிகிட்டக் கேக்கணும். எங்க கேக்கணும், என்னன்னு கேக்கணும், சட்டம் என்ன சொல்லுது, இதை மட்டும் நாங்க சொல்லிக்குடுப்போம். "பயப்படாதீங்க, தைரியமாப் பேசுங்க"ன்னு ஊரு ஊராப் போயி சொல்றவ நான். இப்ப பாருங்க, பின்னாடி திரும்பிப் பாக்கக்கூட ஒங்களைக் கேக்கேன். சிரிக்காதீங்க.

செம்பாறைக்குளம்னு ஒரு ஊரு. அதுக்கு மேற்க கல்குவாரி. வெடி வச்சா வீட்டுல சட்டி பானை உருளும். செவுரெல்லாம் விரிசல். நாங்க கேக்கது ரெண்டே ரெண்டு. ஊருக்கும் குவாரிக்கும் நடுவுல விடுற தூரத்தைக் கூட்டணும், சங்கு ஊதி ஆளுகளை வெளியேத்தாம எந்தக் குவாரியும் வெடி வைக்கக் கூடாது. இந்த ஊருக்கு மட்டும் இல்ல, எல்லா ஊருக்கும் அப்படிச் சட்டத்தைத் திருத்துங்கன்னு மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வந்துட்டோம். போன இடமெல்லாம் மரியாதையா உக்கார வச்சுக் காபி குடுத்தாங்க. குடுத்துட்டு, "ஆதாரம் இருக்காம்மா? யாராச்சும் செத்திருக்காங்களா?"ன்னு கேட்டாங்க.

செத்திருக்காருக்கா. அந்த ஊருல செவந்தின்னு ஒருத்தி, அவ புருஷன். மொளகாய்த் தோட்டத்துல தண்ணி பாய்ச்சிக்கிட்டு நின்ன மனுசன். சங்கும் ஊதலை, கொடியும் காட்டலை. வெடிச்ச கல்லு பறந்து வந்து நெத்தியில அடிச்சிருச்சு. வரப்புல வழுக்கி விழுந்து மண்டை அடிபட்டுச் செத்தாருன்னு முடிச்சுட்டாங்க. கண்ணால பாத்தது செவந்தி ஒருத்திதான். அவ சொன்னதை எவன் கேட்டான்? கையில மண்வெட்டியோட மடையைத் தொறந்துக்கிட்டு நின்னவ அவ.

நாளைக்குக் காலையில கருத்துக் கேட்புக் கூட்டம். குவாரியைப் பெருசாக்கணும்னா ஊர்ச்சனங்களைக் கூட்டி வச்சு, கலெக்டர் முன்னாடி அபிப்பிராயம் கேக்கணும்னு விதி இருக்கு. பேசுறது பூராத்தையும் வீடியோ எடுத்தாகணும். அதுலதான் விசயமே இருக்கு. செவந்தி அந்த மைக்கைப் பிடிச்சு, "கல்லு விழுந்துதான் எம்புருஷன் செத்தாரு, நான் பாத்தேன்"னு சொல்லிட்டான்னு வைங்க, அப்புறம் அதை எவனாலும் இல்லைன்னு சொல்ல முடியாது. குவாரிக்காரனுக்கு அதுதான் பயம். எங்களுக்கு அவளை நாளைக்குக் காலை வரைக்கும் பத்திரமா வச்சிருக்கணும்னு பயம். ஊருக்குள்ள நாலு பேரு வந்து அவ வீட்டு வாசல்ல நின்னுட்டுப் போயிருக்கானுக. ஒண்ணும் பேசலையாம். கதவைப் பாத்துக்கிட்டே நின்னுட்டுப் போனானுகளாம்.

அதான் அவளை வேற இடத்துல வச்சிருக்கேன். இப்ப அங்கதான் போறேன். போயி அவகூடவே படுத்து எந்திரிச்சு, காலையில ஆட்டோ பிடிச்சு நேரா கூட்டத்துக்குக் கூட்டியாரணும். எந்த இடம்னு மட்டும் கேக்காதீங்க. ஒங்களைப் பாத்தா நல்ல மனுசியாத்தான் தெரியுது, ஆனாலும் சொல்ல மாட்டேன். தாவீது சாருக்கே தெரியாது. "எனக்குக்கூடச் சொல்லாத வள்ளி, எனக்குத் தெரிஞ்சா போலீசு கேட்டா நான் பொய் சொல்லணும்"னுட்டாரு. அம்புட்டுக் கட்டுப்பாடு.

ஒத்திகைன்னு ஒண்ணு நடத்துவோம், கேட்டீங்களா. கூட்டத்துல பேசப் போறவங்களை முன்னாடியே கூட்டி வச்சு, பேசிப் பழக்குறது. நான்தான் கலெக்டர். எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிட்டு, பிளாஸ்டிக் சேர்ல விறைச்சு உக்காந்துக்கிடுவேன். ஒரு தாத்தா நெசமாவே கையைக் கட்டிக்கிட்டு, "எசமான், ஆயா வேலை ஒண்ணு எம்மருமகளுக்கு"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சோம். செவந்தி மட்டும் சிரிக்கலை. அவளுக்குப் பேச வரலை. மொளகாயைப் பத்தியே பேசுதா. அன்னைக்கு எங்க முறைத் தண்ணி, மேல்மடை, கீழ்மடைன்னு அதையே சொல்லுதா. "ஏட்டி, செத்ததை மொதல்ல சொல்லு. கலெக்டருக்கு நேரம் இருக்காது"ன்னேன். "அவரு மண்வெட்டியைத் தூக்கிக் காமிச்சு, மேல்மடையைத் தொறன்னாரு மதினி. அதுதான் கடைசியாப் பேசுனது. அதை விட்டுட்டு எப்படிச் சொல்லுவேன்?"னு கேட்டா. நான் கண்ணாடியைக் கழட்டிட்டேன். அப்புறம் என்னத்தைக் கலெக்டரா உக்காருறது.

ஒத்திகையில ஒரு விதி இருக்கு. யாரு பேசப் போறா, எங்க கூடுறோம்ங்கிறதை யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. கற்பூரம் அடிச்சுச் சத்தியம் வாங்காத குறை. நான் அந்த விசயத்துல ரெம்பக் கறாரு. போன்ல பேச மாட்டேன், பேப்பர்ல எழுத மாட்டேன். எங்கம்மா கேட்டாக்கூடச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் உள்ள பேசுற தாக்கல் வெளிய போகுதுக்கா! அதுதான் என்னையத் தின்னுது.

மொதல்ல வெயிலுமுத்து அண்ணாச்சி. ஆடு வச்சிருக்காரு. வெடிச் சத்தத்துல சினை ஆடு குறைமாசத்துலயே குட்டியைப் போட்டுருதுன்னு கூட்டத்துல பேசுதேன்னு எங்கிட்டதான் சொன்னாரு. ஒரு சாயங்காலம் சொன்னாரு. நான் வீட்டுக்குப் போனேன், எங்க வீட்டுக்காரர் காபி போட்டு வச்சிருந்தாக, குடிச்சுக்கிட்டே அண்ணாச்சியோட தைரியத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். விடிஞ்சு பாத்தா அண்ணாச்சி கிடையில ஒரு ஆடுகூட இல்ல. ஓட்டிட்டுப் போயிட்டானுக. மறுநாள் திரும்பி வந்துருச்சு, ஒண்ணு மட்டும் வரலை. அண்ணாச்சி என்னையப் பாத்தா இப்பத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாரு. "எனக்கு எதுவும் பேச வேண்டாம் தாயி"ன்னுட்டாரு.

பெறகு ராக்கம்மா. அவ கிணத்து மோட்டாரு. வயரெல்லாம் அறுத்து, மோட்டாரைத் தூக்கிக் கிணத்துக்குள்ளயே போட்டிருந்தானுக. அவ பேசப் போறான்னு தெரிஞ்சது எனக்கும் ஜெபக்கனிக்கும் மட்டும்தான். ஜெபக்கனின்னா எங்கூட மையத்துல வேலை பாத்தவ. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருப்பேன், அது வேற.

ஆமாக்கா, சொல்லுவேன். என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா வெளியாளுககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அர்த்தம். கட்டுன புருஷன் வெளியாளா? நல்ல கதையா இருக்கே!

ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, கல்யாணமாகி வந்ததுல இருந்து நான் என்ன வேலை பாக்கேன்னு அந்த மனுசன் கேட்டதே கெடையாது. தண்ணி லாரி ஓட்டுதாக. வருவாக, சாப்பிடுவாக, டிவி பாப்பாக, படுத்துருவாக. நான் ஒரு பக்கம் புலம்பிக்கிட்டுக் கெடப்பேன், காதுலயே ஏறாது. இந்தப் பங்குனியில ஒரு நாள் சட்டையெல்லாம் கிழிஞ்சு, ஒதடு வீங்கி வந்து நின்னாக. பதறிப் போயிட்டேன். லாரியில இருந்து எறங்கையில வழுக்கிருச்சுன்னாக. மஞ்சப்பத்துப் போட்டு விட்டேன். அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ இந்த வேலையை விட்டுரு வள்ளி"ன்னாக. நான் விட மாட்டேன்னேன். "சரி, அப்பன்னா எங்கிட்ட எதையும் மறைக்காத. எங்க போற, யாரைப் பாக்குற, எல்லாத்தையும் சொல்லிரு. ஒனக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கிடுதேன்"னாக.

அன்னைக்கு இருந்து ஆளே மாறிட்டாகக்கா. நான் வீட்டுக்கு வந்தா காபி ரெடியா இருக்கும். "இன்னைக்கு எந்த ஊரு? யாரு வந்தா? என்ன சொன்னா?"ன்னு உக்காந்து கேப்பாக. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருப்பாக. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்துக் கெடப்பாக. இம்புட்டு வயசுக்கு மேல ஒரு பொம்பளைக்கு இப்படி ஒரு யோகம் அடிக்குமா? கூச்சமா இருக்கு சொல்லுறதுக்கு. ஊரெல்லாம் பயத்துல செத்துக்கிட்டிருக்கையில, நான் ஒருத்தி மட்டும் எப்படா வீட்டுக்குப் போவோம், அந்தக் காபியைக் குடிப்போம்னு வருவேன்.

வேலையும் நல்லா அமைஞ்சு போச்சு அவுகளுக்கு. முன்ன ஒரு நாள் ஓட்டம் இருந்தா ஒரு நாள் இருக்காது. இப்ப கல்லு ஒடைக்கிற ஒரு கிரஷருக்குத் தெனமும் தண்ணி லோடு அடிக்காக. இந்தக் குவாரிக்காரன் கிரஷர் இல்ல, அது வேற ஆளோடது. நான் கேட்டேன்ல. வேற ஆளுதான்னு அவுகளே சொன்னாக.

பாருங்க, எல்லாருக்கும் ஏதாச்சும் ஒண்ணு நடந்துருச்சு. அண்ணாச்சிக்கு ஆடு, ராக்கம்மாவுக்கு மோட்டாரு, தாவீது சாரு காரு கண்ணாடியை ஒடச்சுட்டானுக. எங்க வீட்டு மேல ஒரு சின்னக் கல்லு விழுந்திருக்குமா? இல்லையே. அவனுக என்னையப் பாப்பானுக, பின்னாடி வருவானுக, ஆனா ஒரு வார்த்தை தப்பாப் பேசுனது கெடையாது. தாவீது சாரே ஆச்சரியப்பட்டுப் போயிட்டாரு. எங்க வீட்டுக்காரர் வேண்டாத சாமி இல்லக்கா. அதுதான் காப்பாத்துது.

காட்டிக் குடுத்தது யாருன்னு நான் கண்டுபிடிச்சேன். ஜெபக்கனி. வேற யாரு இருக்கா? ராக்கம்மா விசயம் அவளுக்குத் தெரியும். ஒத்திகையை அம்மன் கோயில் மண்டபத்துக்கு மாத்துனது அவளுக்குத் தெரியும். நாங்க போறதுக்கு முந்தியே அங்க பைக்கெல்லாம் வந்து நிக்குது! சனங்க வாசல்லயே திரும்பிப் போயிட்டாங்க. நான் நேரா தாவீது சார்கிட்டப் போயி, இவதான், இவளை வெளிய அனுப்புங்கன்னேன். அவரு தயங்குனாரு. அவளா நானான்னு கேட்டுட்டேன். அனுப்பிட்டாரு. போறப்ப அழுதா. அழுதுக்கிட்டே, "அக்கா, நீங்க வீட்டுல யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"ன்னு எங்கிட்டயே கேக்கா! எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க. ஒங்கிட்ட இருக்குற புத்தி எங்கிட்ட இல்லன்னு நெனைச்சியாடின்னு விரட்டி விட்டேன்.

இருங்க, போன் அடிக்குது. அவுகதான்.

"ம், சொல்லுங்க. பஸ்ஸுலதான். உக்கார எடம் கெடச்சிருச்சு. ஆமா, சாப்பிட்டேன், தயிர்ச்சோறு. நீங்க சாப்பிட்டீங்களா? இல்ல, இன்னும் வரலை. அதான் காலையிலயே சொன்னேனே, வேண்டாம்னு. இல்லங்க, ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னா? சத்தியம் பண்ணியிருக்கேன். கோவிக்காதீங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க வந்து தேடுவீங்க, அது சரிதான். அழுற மாதிரிப் பேசாதீங்க, எனக்கு என்னமோ போல வருது. சரி, கேட்டுக்கிடுங்க. மணல்கரை விலக்குல எறங்கணும். எங்கூடப் படிச்சா பாருங்க மெர்சி, நர்ஸு, அவ வீடு. சர்ச்சுத் தெருவுல கடைசி வீடு. பச்சை கேட்டு. மெர்சிக்குப் பகல் டூட்டி, செவந்தி மட்டும்தான் இருக்கா. ஆமா, நான் போயிருவேன். சரி. சரி. நீங்க வெயில்ல அலையாதீங்க. வைக்கேன்."

பாவம்க்கா. எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா எங்க வந்து தேடுவேன்னு கேக்காக. குரலே உடைஞ்சு போச்சு. இதுக்கு மேல எப்படி மறைக்க?

என்னக்கா, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? பஸ்ஸு குலுக்குறது ஒத்துக்கிடலையா? எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாக்கீங்களா? வேண்டாமா?

கேளுங்க, என்ன கேக்கணும்? இடம் எத்தனை பேருக்குத் தெரியுமா? எனக்கு, மெர்சிக்கு, செவந்திக்கு. அவ்வளவுதான். ஜெபக்கனிக்கா? அவளுக்கு எப்படித் தெரியும், அவளை அனுப்பி ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுது. அப்புறம் அந்தக் கோயில் மண்டபத்துக்குப் பெறகும் தாக்கல் போனதான்னா? போச்சு. செவந்தி வீட்டு வாசல்ல வந்து நின்னானுக, சொன்னேன்ல, அது போன வாரம்தான். அவதான் பேசப் போறான்னு முடிவு பண்ணி அப்ப ரெண்டு நாள்கூட ஆகலை. அது எப்படின்னு எனக்கும் புரியலை. ஜெபக்கனி முன்னாடியே ஊகிச்சுச் சொல்லி வச்சிருப்பா. கெட்டிக்காரி அவ.

என்ன சொன்னீங்க?

திருப்பிச் சொல்லுங்க. யாரைக் கேக்கீங்க? எங்க வீட்டுக்காரரையா?

வாயைக் கழுவுங்க. இந்தாங்க, நீங்க யாரு, நான் யாரு? ஒரு டிக்கெட்டு எடுத்துப் பக்கத்துல உக்காந்ததுக்கு எம்புருஷனைப் பத்திப் பேசுற அளவுக்கு ஆயிருச்சா? ஒங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் இப்படிக் கேட்டா ஒங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த மனுசன் ஒரு எறும்பை மிதிக்க மாட்டாரு. பயந்தாங்கொள்ளி. போலீசைப் பாத்தாலே எதிர்ப்பக்கம் போயிருவாரு. அவரு போயி குவாரிக்காரன்கிட்ட... சே! நெனைச்சாலே நாக்கு அழுகிப் போகும். ஒங்ககிட்டப் போயி மனசு விட்டுப் பேசுனேன் பாருங்க, என்னையச் சொல்லணும்.

நான் பேசலை. நீங்களும் பேசாதீங்க.

...

கோவத்துல கத்திட்டேன், மன்னிச்சுக்கிடுங்க. பயத்துல எனக்கு என்ன பேசுறோம்னு தெரிய மாட்டேங்குது. தலைக்குள்ள ஒரே இரைச்சலா இருக்கு. நீங்களும் வேணும்னு சொல்லலை, தெரியும். வெளியில இருந்து பாக்கவங்களுக்கு அப்படித்தான் தோணும். கூட இருந்து குடும்பம் நடத்துனாத்தான் மனுசன் எப்படின்னு தெரியும்.

செவந்திக்கு ஒரு போன் போட்டுப் பாத்துருதேன். நான் பக்கத்துல வந்துட்டேன்னு சொன்னா அவளுக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும். பழைய பட்டன் போன் ஒண்ணு குடுத்துட்டு வந்திருக்கேன். நான் அடிச்சா மட்டும்தான் எடுக்கணும்னு சொல்லியிருக்கேன்.

அடிக்குது.

எடுக்க மாட்டேங்குறா. துணி துவைக்கப் பின்னாடி போயிருப்பா. சும்மா இருக்க மாட்டா அவ, யாரு வீட்டுல இருந்தாலும் பாத்திரத்தையாச்சும் வெளக்கிக்கிட்டிருப்பா. இன்னொரு தடவை அடிக்கேன்.

எடுக்கலைக்கா. மெர்சிக்கு அடிச்சா அவ ஆசுபத்திரியில இருப்பா, போனை லாக்கர்ல வச்சிருப்பா. எடுக்க மாட்டா. தூங்கியிருப்பாளோ? பகல்ல தூங்குற பழக்கம் அவளுக்கு இல்லையே. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

இந்தா, அடிக்குது. இல்ல, அவ இல்ல. அவுக.

"சொல்லுங்க. என்னங்க? சத்தமாச் சொல்லுங்க, கேக்கலை. ஏன் அழுவுதீங்க? லாரியில எதுவும் இடிச்சுக்கிட்டீங்களா? இல்லையா? அப்புறம்? ஏன் எறங்கக் கூடாது? நான் போகாட்டி செவந்தி தனியா இருப்பாளேங்க. நாளைக்கு அவளை யாரு கூட்டிக்கிட்டு... சரிங்க. அழாதீங்க. ஐயோ, அழாதீங்கன்னா. பிள்ளைக மேல எல்லாம் எதுக்குச் சத்தியம் பண்ணச் சொல்லுதீங்க? சரி. எறங்கலை. சத்தியமா எறங்கலை. நேரா கடைசி ஸ்டாப்பு போயி அடுத்த வண்டியில திரும்பி வந்துருதேன். வைங்க."

அழுதாகக்கா. அந்த மனுசன் அவுக அம்மா செத்தப்பக்கூட அழலை. "மணல்கரையில எறங்கிராத வள்ளி, இன்னைக்கு மட்டும் நீ அங்க இருக்கக் கூடாது"ன்னு சொல்லி அழுதாக. "ஒன்னைய ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு நான் கேட்டுக் கும்பிட்டிருக்கேன், நீயே போயி விழுந்துராத"ன்னாக. சாமியைத்தான் சொல்லுதாக. வேற யாரைப் போயிக் கும்பிடப் போறாக?

அவுக அப்படிச் சொன்னா அதுல ஏதோ இருக்கும்க்கா. மனசுல பட்டிருக்கும். சில பேருக்கு நடக்கப் போறது முன்னாடியே மனசுல படும். இத்தனை நாளும் அவுக சொன்னதைக் கேட்டதுனாலதான் என் மேல ஒரு துரும்பு படலை. போகாதன்னா போகக் கூடாது. செவந்தி கெட்டிக்காரி, கதவைப் பூட்டிக்கிட்டு இருந்துக்கிடுவா. நாளைக்கு விடிய தாவீது சாரைக் கூட்டிக்கிட்டு நேரா வந்துருதேன். ஒரு ராத்திரிதானே. நான் போயி மட்டும் என்ன செஞ்சிரப் போறேன்? ஒத்தப் பொட்டச்சி. எனக்குப் பயமா இருக்குக்கா. வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், எனக்கு அங்க எறங்கப் பயமா இருக்கு.

கண்டக்டர் கூப்பிடுதாரு. மணல்கரை விலக்குதான். எறங்கலை கண்டக்டர், நான் எறங்கலை. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் வாரேன். மேல்கொண்டு டிக்கெட்டு போட்டுக்கிடுங்க, நீங்க விசிலை அடிங்க.

அக்கா, என் காலை மிதிக்கீங்க... என்ன, எந்திரிக்கீங்க? உக்காருங்க, வண்டி கெளம்பப் போகுது. நீங்க கடைசி ஸ்டாப்புன்னுதான சொன்னீங்க? இருங்க, கண்டக்டர் இருங்க, இவுக என்னமோ எறங்கணும்ங்குறாக. யக்கா, இந்த வெயில்ல இங்க எறங்கி எங்க போகப் போறீங்க?

சர்ச்சுத் தெருவுல ஒங்களுக்கு யாருக்கா இருக்கா?